ஓடச் சொல்லிக் கொடுத்த அத்தை

ஜீப் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொள்கின்றன. எழுபதைத் தாண்டிவிட்டேன். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ரோட்டில் போகிற ஜீப்பில் யாரோ கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு போகிறான் என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. காலுக்குத்தான் தெரிவதில்லை. இதற்குக் காரணம் ஒரு மனுஷி. கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள். சொந்தமில்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு அத்தை.

ஒல்லியான உடம்பு. வெயிலோ மழையோ தலையில் கம்பளி. புருஷன் நெஞ்சு வலியில் செத்தபோது மகன் செல்வம் தவழ்ந்துகொண்டிருந்தான். அவனை ஆளாக்கியதெல்லாம் கொழுந்துக் கூடைதான். ஆனால் கொழுந்தெடுப்பதில் அத்தை கெட்டிக்காரி என்று நான் பொய் சொல்ல மாட்டேன். காது ரோட்டிலேயே இருந்தால் கை எப்படி ஓடும்? "ஒங்காத அறுத்து கூடையில போடு, அதாவது நெறயும்" என்று கங்காணி திட்டுவார். அவள் காதிலேயே வாங்க மாட்டாள்.

வருவது என்ன வண்டி என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். கொழுந்து லொறி மேட்டில் முனகும். பெரிய துரையின் கார் சத்தமில்லாமல் வந்து நிற்கும். ஜீப் மட்டும் வளைவுக்கு வளைவு உறுமும். கீழ் வளைவில் அந்த உறுமல் கேட்டதும் அத்தை கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முன்திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு, வருவாள். கத்த மாட்டாள். நாக்கால் 'ட்ச்' என்று ஒரு சத்தம். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் போட்டது போட்டபடி தண்ணீர்க் கானைத் தாண்டி, பின்பக்கப் பள்ளத்தில் இறங்கித் தேயிலைக்குள் புகுந்துவிடுவோம்.

தேயிலைச் செடி மேலே பார்க்கத்தான் பச்சைப் பாய். அடியில் இருட்டு, ஈரம், அட்டை. குப்புறப் படுத்துக் கொள்ள வேண்டும், இலை ஆடக் கூடாது, தும்மல் வந்தால் மண்ணில் மூக்கை அழுத்த வேண்டும். இதற்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி வேறு நடக்கும். அட்டை கடிக்கிறதென்று நான் ஒருமுறை அழுதபோது அத்தை என் காலைத் தன் மடியில் வைத்து, சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: "அட்டை கடிச்சா கடிச்சிட்டுப் போகுது பாப்பா. கடிச்ச ரத்தம் ஊறிரும். சர்க்கார் கடிச்சா ஊறாது."

அவள் சர்க்காரைப் பற்றிப் பேசுவதெல்லாம் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். "எதுக்க நிக்காத. கண்ணப் பாக்காத. மேட்டுல ஓடாத, பள்ளத்துல ஓடு. பன்னிக்கும் சர்க்காருக்கும் பள்ளத்துல கால் நிக்காது." பன்றிக்குச் சரி. சர்க்காருக்குச் சரியா என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இருக்கவில்லை.

ஜீப்புக்கு ஏன் அவ்வளவு பயம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. வந்த கையோடு, தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுக்காரர்களா இல்லையா என்ற கேள்வியும் வந்தது. அப்பா ஒரு தடவை ஓட்டுப் போட்டார். அடுத்த தடவை போனால் பெயரே இல்லை. "மொதத் தடவை போட்ட புள்ளடி சரியில்ல போலருக்கு" என்று அவர் தமாஷாகச் சொல்வார், ஆனால் சிரிக்க மாட்டார். பிறகு, கடலுக்கு அக்கரையிலிருந்து களவாகத் தோணியில் வந்தவர்களைப் பிடிக்கிறோம் என்று பொலிஸ் ஜீப்புகள் பஜாருக்கும் லயத்துக்கும் வர ஆரம்பித்தன. எப்போது வந்தாய், எதில் வந்தாய். பதில் தடுமாறினால் ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலரைக் கொழும்பில் முகாமில் வைத்திருந்து, தலைமன்னாரில் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்று மட்டும் செய்தி வரும்.

அதனால் பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் அத்தையின் பயம் வேறு ரகம். எங்களுக்குப் பயம் வந்து போகும். அவளுக்கு அது குடியிருந்தது. லயத்தில் அவளுக்கு ஜீப்பம்மா என்று பெயர். ஒருமுறை அம்மைப்பால் குத்துகிறவர்கள் ஜீப்பில் வந்துவிட்டார்கள். 'ட்ச்' கேட்டதும் லயமே காலி. டாக்டர் ஐயா ஊசியை வைத்துக்கொண்டு கோழிகளைப் பார்த்து நிற்கிறார். தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கையா வந்து தொண்டை கிழியக் கத்தியும் ஒரு பிள்ளை வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அத்தை எங்களோடு பள்ளத்தில் உட்கார்ந்து, தன் கம்பளியை அகல விரித்து, அதற்கடியில் எங்கள் தலைகளைத் திணித்து, தான் நனைந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னாலும் அவளுக்குக் கிடைத்த ஏச்சைக் கேட்டு லயமே சிரித்தது. என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு இந்த மாதிரி விஷயங்களில் சிரிப்பே வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில் வேலை. பத்திரிகை வாசிப்பார், கூட்டங்களுக்குப் போவார். அவருக்கும் அத்தைக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகாது.

"ஏம்மா, புள்ளைகள எலி மாதிரி ஓட வெக்கிற? நம்மளும் இந்த நாட்டுச் சனந்தான?"

"யாருண்ணே சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்லி என்னாண்ணே ஆகப்போகுது. அவங்கல்ல சொல்லணும்."

"சொல்லுவாங்க. புது நாடு. எல்லாத்தையும் இப்பதான் கட்டிக்கிட்டு இருக்காங்க. சர்க்காருங்கிறது தாய் தகப்பன் மாதிரிம்மா. இன்னிக்கு அடிக்கும், நாளைக்கு அணைக்கும்."

அத்தை சாம்பலைத் தொட்டுச் சட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தாயி எம்புள்ள சாப்டுச்சான்னுதாண்ணே கேப்பா. நீ எம்புள்ளதானான்னு கேக்க மாட்டா." அப்பா பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் பிறகு அம்மாவிடம், "படிக்காதவ, என்னமா பேசுறா" என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

நான் வளர்ந்த பிறகு நல்லாட்சி பற்றி எத்தனையோ பேர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். ரோடு, பாலம், கரண்டு. வேண்டியதுதான், யார் வேண்டாமென்றது? எனக்கென்னவோ ஒரு கேள்வி போதும். ஆட்சியின் வண்டிச் சத்தம் கேட்டதும் பெற்றவள் பிள்ளையை நில் என்கிறாளா, ஓடு என்கிறாளா?

செல்வத்துக்கு மீசை அரும்பியதும் வெட்கம் வந்துவிட்டது. ஜீப் வந்தபோது ஒருநாள் இஸ்தோப்புத் தூணில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டு நின்றான். "நான் இங்கன பொறந்தவன். எனக்கு என்னா பயம்?" என்றான். அத்தை அவனைக் கன்னத்தில் அறைந்தாள். அவன் அசையவில்லை. காலில் விழுந்தாள். பெற்றவள் காலில் விழுந்தால் எந்தப் பிள்ளை நிற்பான்? ஓடினான். ஜீப் கண்டாக்கு பங்களாவுக்குப் போய்விட்டு அப்படியே திரும்பிவிட்டது. அன்று சாயந்தரம் அவனுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொண்டு, "பயம் உள்ள புள்ளதான்டா பொழைக்கும்" என்று அழுதாள். இந்த மனுஷிக்கு அன்பு எது, பயம் எது என்று பிரித்துப் பார்க்கவே தெரியவில்லை என்று அப்போது எனக்கு எரிச்சலாக வந்தது. பிரிக்க முடியாது என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் விளங்கியது.

நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தபோது எனக்குப் பதினேழு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வம் பஜாருக்கு முடி வெட்டப் போயிருந்தான். சலூனில் ஒரு பக்கம் வெட்டி முடிந்து, மறுபக்கத்தில் சீப்பை வைக்கிறபோது வாசலில் ஒரு பொலிஸ் ஜீப் வந்து நின்றிருக்கிறது. யாரையும் பிடிக்க வரவில்லை. சிகரெட் வாங்க நிறுத்தியிருக்கிறார்கள். பஜாரில் இருந்த அத்தனை பேரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, செல்வம் மட்டும் கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலியிலிருந்து குதித்து ஓடினான். ஓடுகிறவனைக் கண்டால் பொலிஸ்காரன் விடுவானா? பக்கத்துத் தோட்டத்து மலையில் ஏறித் துரத்திப் பிடித்துவிட்டார்கள்.

செய்தி கொண்டுவந்தது பஜாரில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா. வயதான மனுஷர், மூச்சு வாங்க மேடேறி வந்திருந்தார்.

"தங்கச்சி, பதறாதீங்க. ஒங்க மகன பொலிஸ் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. சும்மா நின்டிருந்தா ஒண்ணும் இல்ல. ஏன் தம்பி ஓடினன்னு கேட்டேன். தெரியல நானா, காலு ஓடிருச்சுங்கிறான்."

அத்தை அழவில்லை. "எந்தப் பக்கமா ஓடினான்?" என்று கேட்டாள்.

"மேட்டுப் பக்கம்."

"பள்ளத்துலல்ல ஓடச் சொல்லிருந்தேன்," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அப்பா செல்வத்தின் பிறந்த துண்டை, பிறப்புச் சான்றிதழை, எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். துண்டு யாருடையதையும் யாரும் கொண்டு வரலாம் என்கிறார்களாம். பெற்றவள் வர வேண்டும், கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும், நாளைக்குள் வராவிட்டால் பையனைக் கொழும்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

லயத்தில் சிங்களம் சரளமாகப் பேசுவது நான்தான். கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து, பஜாரில் சிங்களப் பிள்ளைகளோடு பழகியதில் வந்தது. அப்பாவுக்கும் வரும், ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் அவருக்குத் தமிழே வராது. ஆகவே நானும் போவதென்று முடிவானது. அம்மாவையும் கூப்பிட்டேன். பொம்பளைத் துணையாக இருக்குமே என்று.

"எனக்குத் தலை சுத்துது. நான் வரல," என்றாள் அம்மா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி, இவளுக்குத் தலை சுற்றுகிறதாம். காலையில் புறப்படும்போது அம்மா தன் நல்ல சேலை ஒன்றைக் கொண்டுவந்து அத்தைக்குக் கட்டிவிட்டாள். கொசுவத்தை மூன்று தடவை மடித்து மூன்று தடவையும் அவிழ்த்தாள். சேலை மட்டும் கொடுத்தால் ஆச்சா என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

பஸ்ஸில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, நான் சொல்றத அப்படியே சொல்லணும். கூட்டாத, கொறைக்காத."

"சரி அத்தை. கப்பல்ல வந்தேன்னு சொல்லிருங்க. கங்காணியோட, மண்டபம் கேம்ப் வழியா, சண்டைக்கு முந்தி. எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க." சண்டை என்றால் இரண்டாம் உலக யுத்தம்; அது தொடங்கிய பிறகு வந்தால் களவுதான். லயத்தில் இது எல்லாருக்கும் மனப்பாடம். உண்மையாகவே அப்படி வந்தவர்களும் அதைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் செல்வம் சுவரோரம் தரையில் குந்தியிருந்தான். தலையில் ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் காடு. எங்களைப் பார்த்ததும் எழுந்தான், பொலிஸ்காரர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். இன்ஸ்பெக்டர் கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. சத்தம் போடவில்லை. அத்தைக்கு உட்கார பெஞ்ச் காட்டினார். அவள் உட்காரவில்லை.

இவன் உன் மகனா என்றார். ஆமாம். எங்கே பிறந்தான்? லயத்தில். நீ எப்போது வந்தாய்? நான் தமிழில் கேட்டு முடிப்பதற்குள், மனப்பாடப் பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவரே கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கதை எனக்குத் தெரியும், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். பஜாரில் அவ்வளவு பேர் நின்றார்கள். ஒன்றும் இல்லாதவன் பாதி முடியோடு ஏன் ஓடுகிறான்? எதையோ மறைக்கிறவன்தான் ஓடுவான். இவன் ஏன் ஓடினான் என்று எனக்கு விளங்கச் சொல், விட்டுவிடுகிறேன். விளங்கவில்லை என்றால் இவன் நாளைக்குக் கொழும்புக்குப் போவான் என்று முடித்தார்.

நான் தமிழில் சொன்னேன். அத்தை செல்வத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எதிரே நின்று, கண்ணைப் பார்த்து, எங்களுக்கு எதைச் செய்யக் கூடாதென்று சொல்லிக் கொடுத்தாளோ அதையே செய்து, பேசினாள்.

"அவன் ஓடினது எம்பயத்துலங்கையா. நான் தோணியில வந்தவ. சண்டைக் காலத்துல, களவா. அவன் வயித்துல வர்றதுக்கு முந்தி. அன்னைலருந்து ஜீப்பக் கண்டா ஓடுடான்னு நான்தான் பழக்கினேன். எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. அவன்கிட்ட ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என்னோடது."

செல்வம் வாயைத் திறந்தபடி இருந்தான். இதைச் சொன்னால் இவளைப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் அவனை. அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரோடு சுவராக நின்றார், முகத்தில் வேர்வை வழிந்தது. பொலிஸைக் கண்டால் அவர் அப்படித்தான்.

"சொல்லு பாப்பா," என்றாள் அத்தை. "கூட்டாத, கொறைக்காத."

சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பெருமூச்சு விட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கடமை ஞாபகம் வந்தவர் மாதிரிக் கேட்டார்: தோணியில் உன்னோடு யார் யார் வந்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்?

"தனியாத்தான் வந்தேன்."

ஒரு பெண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு யார் தோணி விடுவார்கள் என்றார். அவர் குரல் அப்போதுதான் கொஞ்சம் கடுத்தது. பெயர் சொன்னால் உனக்கு நல்லது என்றும் சொன்னார்.

"வந்தவங்கல்லாம் செத்துப் போயிட்டாங்கையா. ஒருத்தரும் இல்ல."

இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டார். அதே பதில். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை, மேசை மேலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். கடைசியில் அவர் செல்வத்தை விடச் சொன்னார். அத்தையை உள்ளே உட்கார வைக்கச் சொன்னார். செல்வம் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றான். அவள் அவனுடைய வெட்டாத பக்கத்து முடியைக் கோதிவிட்டாள்.

"போயி மிச்சத்த வெட்டிக்கடா. பாக்க நல்லால்ல," என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. கொழும்பு முகாமுக்கு அப்பாவும் செல்வமும் போனபோது, முதல் வாரமே கப்பலேற்றிவிட்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அக்கரையில் அவளுக்கு யார் இருந்தார்கள், எந்த ஊர் என்றுகூட செல்வத்துக்குத் தெரியாது. அவன் பயந்துவிடக் கூடாதென்று அவள் எதையுமே அவனுக்குச் சொன்னதில்லை. இன்ஸ்பெக்டர் சட்டப்படி நடந்தார் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். நடந்தார்தான். பிள்ளையையும் தாயையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்ப வழியில்லாத சட்டத்தை யார் எழுதினார்களோ, அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும்தானே? எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

ஸ்டேஷனுக்குப் போன அன்று சாயந்தரம் நாங்கள் மூன்று பேரும் லயத்துக்குத் திரும்பினோம். செல்வம் யாரிடமும் பேசாமல் தன் காம்பராவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அம்மா எங்கள் இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் நின்ற அதே இடம். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"அவ எங்க?"

"வெச்சுக்கிட்டாங்க," என்றேன். "ஒனக்குத் தலை சுத்தல் போயிருச்சா?"

அப்பா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். அம்மா என் பேச்சைக் கவனித்த மாதிரியே இல்லை. பின்னாலேயே வந்தாள்.

"கூட யாரு வந்தான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எத்தனையோ தடவை கேட்டாங்க."

"என்னா சொன்னா?"

"தனியா வந்தேன்னாங்க. வந்தவங்கல்லாம் செத்துப் போயிட்டாங்கன்னாங்க."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அதையும் மீறி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அந்த மாதிரி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"ஒரே தோணிதான்டி," என்றாள். "நானும் அவளும் ஒரே தோணி. கடல்ல ராத்திரி பூரா என் மடியிலதான் வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தா."

அப்பா கதவைச் சாத்தினார். அம்மாவின் பக்கத்தில் குந்தி, அவள் வாயைத் தன் கையால் பொத்தினார்.

"மெதுவா அழு," என்றார். "பக்கத்துல அவன் இருக்கான்."